டார்லாவின் பிறந்தநாள் கூடை

இதை நான் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்குப் பேச்சே வராது. அதனால்தான் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டேன். எழுதினால் மட்டும் வரும். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் கடைச் சுவர்க் கடிகாரத்தில் நானே பார்த்தது. நம்பாதவர்கள் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் 1980 ஜனவரி செய்தித்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மினசோட்டாவின் வடக்கு ஏரிக்கரையில் இருக்கிறது. ஜனவரியில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கடைத்தெருவின் கோடியில் வெர்னா கோஸ்கெலாவின் பொம்மைக் கடை. அந்தக் கடைக்கு இரண்டு கதவுகள். ஒன்று பெரியவர்களுக்கு. பக்கத்திலேயே இன்னொன்று, என் இடுப்பு உயரம்தான், குழந்தைகளுக்கு மட்டும். அதற்குத் தனியாக ஒரு சின்னப் பித்தளை மணி. நானும் ஆறு வயதில் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறேன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் வெர்னா அதை உள்பக்கமாகப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். குழந்தைகள் வருவதில்லை, குளிர்காற்று மட்டும் வருகிறது என்றார்.

கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்தநாள் கூடை. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு குழந்தை கடைக்கு வந்து, தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு நீலக் கூடையில் எடுத்துப் போடும். கூடையில் ஓர் அட்டை தொங்கும். மேலே குழந்தையின் பெயர், பிறந்த தேதி. கீழே ‘வாங்கியவர்’ என்று கோடுகள். அத்தை, மாமா, கூடப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டார் எல்லாரும் வந்து ஆளுக்கொன்று வாங்கி, கோட்டில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். பிறந்தநாள் முடியும்வரை கூடையில் இருப்பதை வேறு யாருக்கும் விற்கக்கூடாது. அது கடையின் சத்தியம் மாதிரி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலமாரியில் இருபது கூடைகள் இருந்தன. எல்லாமே காலி. வருகிறவர்களும் படம் எடுக்கத்தான் வந்தார்கள். ஒரு நாள் ஒருவர் தன் மகனை அழைத்து வந்து, கூடை நிறையப் பொறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இணையத்தில் விலை குறைவாம். வெர்னா கவுண்டரில் இருந்தபடியே, “போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க சார், அந்தக் கரடி கண்ணை மூடிடுச்சு,” என்றார். பையனின் அப்பா காதில் வாங்காத மாதிரி கிளம்பினார். அந்தப் பையன் ஒரு மரக்குதிரையைத் தலைகீழாகப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

“இத எங்க ஆன் பண்றது?”



வெர்னாவுக்கு அறுபத்தொன்பது வயது. கடைக்கு மேலேதான் வீடு. தினமும் எனக்குக் காட்டரிசி சூப் கொண்டுவந்து கொடுப்பார். 2018 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கப்புறம் இந்தக் கடை உனக்குத்தான் என்றார். எனக்குப் பதினேழு வயது. என்னை யாரும் எதற்கும் நம்பியதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜனவரி 14 அன்று பள்ளியை விட்டவர்களுக்கான மாலை வகுப்பு ஆரம்பிக்க இருந்தது. அம்மா கெஞ்சி வாங்கிய இடம். விட்டால் அடுத்த வருடம்தான். வெர்னாவிடம் சொன்னேன்.

“இப்பப் போயி என்னைத் தனியா விடாதே கண்ணு. கடையே உனக்குன்னு ஆனப்புறம் சர்டிபிகேட் எதுக்கு?”

நான் அந்த இடத்தை விட்டுவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

ஜனவரி 14. திங்கள். மாலை 4.52.

கடையில் நான் மட்டும். வெர்னா மேலே இருந்தார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். பெரிய கதவின் மணி கனமாக ஒலிக்கும். இது அதுவல்ல. நான் திரும்பிப் பார்த்தேன். சின்னக் கதவின் மணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பலகை அப்படியே இருந்தது. ஆணிகளும் அப்படியே இருந்தன. லாரி ஏதாவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை மூடும்போது பார்த்தேன். ஐந்தாவது கூடை காலியாக இல்லை.

ஒரு மரப் பம்பரம். காகிதப் பொம்மைகள் ஒரு கட்டு. ஒரு பை கண்ணாடிக் கோலி. அட்டையில் கோணல் எழுத்தில், ‘டார்லா. ஜனவரி 18. எட்டு வயது.’ இந்தப் பொம்மைகள் எங்கள் அலமாரியில் கிடையாது. பம்பரத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. எழுபத்தொன்பது சென்ட்.

மேலே போய் வெர்னாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. யார் என்றுகூடக் கேட்கவில்லை.

“பழைய சரக்கா இருக்கும். இருக்கட்டும். எடுக்காதே,” என்றார்.

செவ்வாய். மணி 4.52. மறுபடி ‘டிங்’. கூடையில் குதித்து விளையாடும் பின்னல் கயிறு ஒன்று கூடியிருந்தது. கூடைக்குக் கீழே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. பனி உருகிய மாதிரி.

புதன். அட்டையில் ‘வாங்கியவர்’ கோடுகள் எல்லாம் காலியாகவே இருந்தன. வெர்னா என் பின்னால் வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்.

“பாவம் அந்தக் குழந்தை. யாராவது ஒருத்தராவது வாங்கினா நல்லாருக்கும்.”

எனக்கு மனது கேட்கவில்லை. என் எட்டாவது பிறந்தநாளுக்கும் யாரும் வரவில்லை. பம்பரத்தின் விலையைக் கல்லாவில் போட்டேன். பம்பரத்தைச் சிவப்புத் தாளில் சுற்றி, திரும்பக் கூடையிலேயே வைத்தேன். முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன். கெய்லின். அப்பா கென், அம்மா எய்லின். இரண்டையும் சேர்த்து அம்மாவே உண்டாக்கிய பெயர். கடைசி எழுத்தின் வாலை நான் நீளமாக இழுத்து எழுதுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம்.

நிமிர்ந்தபோது வெர்னா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை. சிவப்புத் தாள் தரையில் கிழிந்து கிடந்தது. பம்பரம் இல்லை.

வெள்ளிக்கிழமை. ஜனவரி 18. பிற்பகல் 2.15.

அளவு நாடாவுடன் ஓர் ஆள் வந்தார். பெயர் ரிக். கூடை அலமாரி இருந்த சுவரை அளக்க ஆரம்பித்தார். எதற்கு என்று நான் எப்படியோ கேட்டுவிட்டேன். இங்கே பார்சல் எடுக்கும் பெட்டிகள் வரப்போகின்றனவாம். இணையத்தில் வாங்கும் பொருளை ஊர்க்காரர்கள் இங்கே வந்து எடுத்துக்கொள்வார்களாம். பொம்மையும் வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

“கட்டடம் அக்டோபர் ஆரம்பத்துலயே கைமாறிடுச்சேம்மா. உனக்கு யாரும் சொல்லலயா?”

 கடை உனக்குத்தான் என்று வெர்னா என் கையைப் பிடித்தது அக்டோபர் கடைசியில்.

4.30க்கு வெர்னா கீழே இறங்கி வந்தார். நல்ல கோட்டு போட்டிருந்தார். தலை வாரி, உதட்டுச்சாயம் பூசியிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் எதிரில் போய் நின்றேன். ஏன் என்று கேட்டேன்.

“வாங்க ஆள் வந்துச்சு. வித்துட்டேன்,” என்றார். அவர் பார்வை என் மேல் இல்லை. கடிகாரத்தின் மேல் இருந்தது.

“எனக்குன்னு சொன்னீங்களே...”

“நீ இன்னிக்கு இங்க இருக்கணும். அதுக்குத்தான்.”

புரியவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. 4.50. 4.51.

டிங்.

ஆணி அடித்த கதவு... திறக்கவில்லை. பலகை அசையவில்லை. ஆனால் குளிர் உள்ளே வந்தது. முழங்கால் உயரத்துக்கு மட்டும்.

தரையில் ஒரு ஈரத் தடம். சின்னது. இன்னொன்று. இன்னொன்று.

தடங்கள் கூடை அலமாரிக்குப் போயின. நின்றன.

கூடை நகர்ந்தது. உள்ளே எதையோ தேடுகிற சத்தம். கோலிகள் உரசின... கர்... கர்...

பிறகு தடங்கள் திரும்பின. கவுண்டரை நோக்கி.

 வெர்னா கையை நீட்டினார். என்னை நோக்கி.

“நான் இல்ல டார்லா. இவதான். இவதான் கெய்லின். இவளக் கேளு.”

தடங்கள் பாதியில் நின்றன.

என் பக்கம் திரும்பின.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

ஒன்று.

இரண்டு.

என் பூட்ஸுக்கு எதிரில் இரண்டு சின்னத் தடங்கள். அசையவில்லை.

என் கைக்குள் ஏதோ நுழைந்தது. நனைந்த கம்பளிக் கையுறை. உள்ளே விரல்கள்... பனிக்கட்டி மாதிரி.

என் இடுப்பு உயரத்தில் ஒரு குரல்.

“பொம்ம வீடு எங்க?”

எனக்குத் தெரியாது. எந்தக் கூடையிலும் நான் பொம்மை வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் வெர்னாவின் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

யார் முன்னாலும் பேச வராத எனக்கு அன்று பேச்சு வந்தது.

“அவங்க வித்துட்டாங்க.”

கையுறை என் கையை விட்டது.

வெர்னா அழ ஆரம்பித்தார். என்னிடம் சொன்னாரா, அதனிடம் சொன்னாரா தெரியாது. “ஒரு நாள்தானேன்னு நினைச்சேன். ஊர் பாக்க வந்த ஆளு அது, டபுள் விலை குடுத்தாரு. நாளைக்கு வேற ஒண்ணு வரவழைச்சுடலாம்னு...” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீ அழுதுட்டு வெளிய ஓடினப்ப நான் பின்னாலயே வந்திருக்கணும். போலீஸ் கேட்டப்ப, நீ கடைக்கு வரவே இல்லன்னு சொல்லிட்டேன்.”

தடங்கள் கவுண்டரைச் சுற்றி உள்ளே போயின.

விளக்கு அணையவில்லை. அதுதான் கொடுமை. எல்லாம் தெரிந்தது. வெர்னாவின் கோட்டு நுனி கீழே இழுபட்டது. குழந்தை இழுக்கிற மாதிரி. ஒரு தடவை. இன்னொரு தடவை.

தரையில் ஒரு சத்தம்.

கிர்ர்ர்ர்...

பம்பரம். கவுண்டருக்குப் பின்னால் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். பெரிய கதவு வழியாக. மணி 4.58. தெருக்கோடி வரை அந்தச் சத்தம் கேட்டது... நிற்கவே இல்லை.

திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. வெர்னா அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். எனக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிப்ரவரியில் அந்தத் தங்கை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம்: அங்கே வெயில் கொளுத்துகிறது, ஆனால் வெர்னாவின் கோட்டு நுனி மட்டும் காயவே மாட்டேன் என்கிறது.

மே மாதம் நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாள்களை ஒரு கருவியில் ஓட்டிப் பார்க்கலாம். 1980, ஜனவரி 22. முதல் பக்கம். எட்டாவது பிறந்தநாளன்று காணாமல் போன டார்லா நைகார்ட். சிறுமி அன்று கடைக்கு வரவில்லை என்று கடைக்காரர் வெர்னா கோஸ்கெலா சொன்னதால், பள்ளிக்கூடப் பக்கமே நான்கு நாள் தேடியிருக்கிறார்கள். ஏரி இருப்பது கடைப் பக்கம். ஏப்ரலில் ஏரிப் பனி உடைந்தபோதும் அவள் கிடைக்கவில்லை.

செய்திக்குப் பக்கத்தில் ஒரு படம். அந்தச் சிறுமி நிரப்பி வைத்த பிறந்தநாள் கூடை. காகிதப் பொம்மை, கோலி, பின்னல் கயிறு. பம்பரம் இல்லை. அட்டை தெளிவாகத் தெரிந்தது. ‘வாங்கியவர்’ என்பதன் கீழ் ஒரே ஒரு பெயர்.

கெய்லின்.

கடைசி எழுத்தின் வால் நீளமாக இழுத்திருந்தது.

படத்துக்குக் கீழே மூன்று வரி. இந்தப் பெயருள்ளவர் யார் என்று போலீஸ் தேடுகிறது. மாவட்டத்திலேயே அப்படி ஒருவரும் இல்லை. தெரிந்தவர்கள் உடனே தகவல் தர வேண்டும்.

நான் பிறந்தது 2001ல்.

கடையில் வேலை கேட்டுப் போன அன்று, கண்ணாடியில் ஆள் தேவை என்ற அறிவிப்பு எதுவும் இல்லை. வெர்னா முதலில் வேலை இல்லை என்றுதான் சொன்னார். பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒரு தாளை நகர்த்தி, எழுதிக் காட்டு என்றார். எழுதினேன். அந்தக் கடைசி எழுத்தின் வாலை அவர் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, நாளைக்கே வந்துவிடு என்றார்.