கல்லுக்கு அடியில் இரண்டு காசு

கல் கிடைத்துவிட்டது, கல் நின்ற இடம்தான் கிடைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் உப்பளத்தில் நடந்த சண்டையை யாராவது கேட்டால் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரக்காணத்தில் எங்கள் உப்பளமும் பக்கத்து அக்காவின் உப்பளமும் ஒட்டியே இருக்கும். அக்கா என்றால் உறவு இல்லை. பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று உப்பு வாரியதில் வந்த அக்கா. இரண்டு உப்பளத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. வரப்பின் மேற்கு முனையில் வாய்க்கால் மதகு, கிழக்கு முனையில் முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக் கல். தை மாதம் வேலை தொடங்கும் நாளில் இரண்டு வீட்டாரும் அந்தக் கல்லுக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைப்போம். உப்பங்கழி வழியாக ஏறி வந்த கடல் வரப்பை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது. மதகு தப்பித்தது. கல், அக்காவின் பாத்திச் சேற்றில் குப்புறக் கிடந்தது. இரண்டு வீட்டிலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கே கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நாங்களோ இரண்டே மாதத்தில் சண்டைக்கு நின்றோம்.

சேற்றை வாரிவிட்டு வரப்பு கட்டலாம் என்று என் கண் மதிப்பில் நான் முளைக்குச்சி அடித்தேன். மறுநாள் குச்சியெல்லாம் பிடுங்கிக் கிடந்தது. அக்கா ஐந்தடி தள்ளி, என் பக்கமாக, வேறு முளை அடித்திருந்தாள். நானும் விடாமல் என் முளைகளைப் பழைய இடத்திலேயே திரும்ப அடித்தேன். ஐந்தடி என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லைதான். எங்கள் சின்ன உப்பளத்தில் அது பாதிப் பாத்தி. சர்வேயரைக் கூட்டி வந்தோம். "மதகு ஒரு முனை, சரி. இன்னொரு முனைய ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுக் காட்டுங்கம்மா, அங்கேர்ந்து அளந்து தர்றேன்" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் ஒத்துக்கொள்வதாக இருந்தால் அவர் எதற்கு?

என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு போட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் நாலு பேர் நிற்கும்போது அக்காவைப் பார்த்து, "பாண்டிச்சேரி பக்கத்துலேர்ந்து பொழைக்க வந்த குடும்பத்துக்கு இங்க ஏது எல்லை?" என்று கேட்டுவிட்டேன். அந்த உப்பளம் அவள் புருஷன் வழியில் வந்தது. அவர் செத்து மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அக்கா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனவள்தான், அதற்குப் பிறகு பத்து மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரப்பு இல்லாமல் தண்ணீர் கட்ட முடியாது, தண்ணீர் கட்டாமல் உப்பு ஏது? நான் கட்டினால் அவள் வெட்டுவாள், அவள் கட்டினால் நான் வெட்டுவேன். இரண்டாயிரத்து ஐந்தில் இரண்டு பேருமே ஒரு கூடை உப்பு எடுக்கவில்லை. சொந்த உப்பளத்தைப் போட்டுவிட்டு அவள் ஒருவர் அளத்தில் கூலி, நான் இன்னொருவர் அளத்தில் கூலி. பாத்தித் தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி வைத்திருப்போம், இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் அது விட்டுப்போகும். அடுத்த மாசிக்குள் வரப்பு எழும்பாவிட்டால் இரண்டு குடும்பமும் உப்புத் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யார் முதலில் இறங்கி வருவது?

அடுத்த தை பிறந்தது. என் வீட்டுக்காரர் அப்போது ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. நீளக் குழாய், அடியில் வட்டத் தட்டு, காதில் மாட்ட ஹெட்ஃபோன். வெள்ளைக்காரர் கடற்கரையில் அதை ஆட்டிக்கொண்டே நடப்பாராம். இவர் கேட்டதும் பதினைந்து நாளைக்குக் கொடுத்தனுப்பினார்.

கேட்கச் சொன்னதே நான்தான். எங்கள் பக்கத்தில் எல்லைக் கல் நடும்போது, அடியில் கரித்துண்டும் சுண்ணாம்புக் காரையும் போட்டு, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு காசு வைப்பார்கள். கல் நகர்ந்தாலும் காசு சாட்சி சொல்லும். இந்தக் கல்லுக்கு எங்கள் வீட்டார் வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, அக்கா வீட்டார் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் புதுச்சேரிக் காசு. இரண்டு வீட்டிலும் இதே கதைதான். கதையில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் எனக்குக் கருவியைப் பழக்கினார். தட்டைத் தரையில் வைத்ததுமே காது கிழிகிற மாதிரி கத்தியது.

"இன்னாங்க இது, ஒண்ணுமே இல்லாம கத்துது?"

"உப்பு மண்ணுல ஈரம் இருந்தா அப்படித்தான் கத்துமாம். உன்ன மாதிரின்னு வச்சிக்கயேன், காரணமே வேணாம்."

முறைத்தேன். ஆனாலும் அவர் சொன்னது சரிதான், கருவியைப் பற்றிச் சொன்னதைச் சொல்கிறேன். அந்த ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை மேல் மண்ணின் உப்பைக் கொஞ்சம் கழுவியிருந்தது. உச்சி வெயிலில் தரை காய்ந்த பிறகு போனால் கத்தல் அடங்கியது. நிஜமாகவே ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு தெளிவான சத்தம் வந்தது. மதியச் சோற்றை முடித்ததும் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். சோடா மூடி, செருப்பு பக்கிள், கடல் கொண்டுவந்து போட்ட கரண்டி, நடுவில் ஓட்டை போட்ட காலணா, ராஜா தலை போட்ட செம்புக் காசு என்று வந்துகொண்டே இருந்தன. உப்பு ஏற்ற வந்தவர்கள் எத்தனை தலைமுறையாக இடுப்பு முடிச்சை அவிழ்த்துத் தவறவிட்டார்களோ!

ஆறாம் நாள், நான் முளை அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பச்சை படிந்த தடித்த காசு ஒன்று கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். புளியும் உப்பும் வைத்துக் கை வலிக்கத் தேய்த்தேன். காசு புது மணப்பெண் மாதிரி மினுங்கியது. இரண்டு பக்கம் இரண்டு சிங்கம், நடுவில் கேடயம். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பழைய காசு சேர்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தார்.

"கம்பெனிக் காசுதாம்மா. காலணா. ராணி தலை போட்ட காசெல்லாம் வர்றதுக்கு முந்தி. அல்லா, பச்சையப் பூரா தேச்சி எடுத்துட்டியே! மண்ணுல கெடந்ததுக்கு அதுதாம்மா அத்தாட்சி."

பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து சின்னக் காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் புதுச்சேரி என்று தமிழ் எழுத்து. "பிரெஞ்சுக்காரன் காசு இப்படித்தான் இருக்கும். ரெண்டும் சேந்து கெடச்சாதான் உன் கதை நிக்கும்" என்றார். எனக்கு அது காதில் ஏறினால்தானே? நேராக அக்கா வேலை செய்யும் அளத்துக்குப் போய்க் காசை நீட்டினேன்.

அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பத்து மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இது மண்ணுல கெடந்த காசா? இப்பதான் தேச்சிக் கவுத்த சொம்பு மாதிரி இருக்குது. எந்தப் பரண்லேர்ந்து எடுத்தே?"

"சத்தியமா அந்த எடத்துலதான் எடுத்தேன்."

"சரி, வச்சிக்க. எங்க காசு எங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. பொய் சொல்லாதவளைப் பொய்க்காரியாக்கிய புளியை நினைத்து ஒரு வாரம் ரசம்கூட வைக்கவில்லை.

அதன் பிறகும் தேடினேன். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா முளை அடித்த பக்கம் மட்டும் நான் கருவியைக் கொண்டு போகவே இல்லை. இருக்காது என்று நம்பியதால் இல்லை. இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பதினாலாம் நாள், மறுநாள் கருவியைத் திருப்பித் தரவேண்டும், தேடாத இடம் என்று அது ஒன்றுதான் பாக்கி. போனேன்.

அவள் முளைக்கு ஒரு சாண் தள்ளித் தட்டை ஆட்டும்போது அந்தத் தெளிவான சத்தம் வந்தது. களைக்கொட்டால் மெல்லக் கிளறினேன். முதலில் கரித்துண்டு. அப்புறம் வெள்ளையாகக் காரை. காரைக்கு நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு கட்டி, அதில் ஒரு சிங்கத்தின் முதுகு தெரிந்தது.

எடுக்கவில்லை. மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். மூடிவிட்டு மதகின் மேல் போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. என் முளை தவறு, ஐந்தடியும் அவளுடையது, இது எனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்குக் கருவி போய்விடும். கொஞ்ச தூரத்தில் அக்கா தன் பாத்தியில் தனியாக நின்று, போன வருஷத்துச் சேற்றை வெட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். வரப்பே இல்லாத பாத்தியில் அவள் எதற்குச் சேறு வாருகிறாள் என்று கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, இந்த வருஷம் உப்பு எடுத்துவிடலாம் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அக்கா, கொஞ்சம் இங்க வா."

"எதுக்கு? இன்னொரு சொம்பு தேச்சிட்டியா?"

"நான் தொடல. நீயே வந்து தோண்டு."

மண்வெட்டியோடு வந்தாள். இடத்தைக் காட்டினேன். குனிந்து கையாலேயே மண்ணை விலக்கினாள். கட்டியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைக்கப் போனாள்.

"தேய்க்காதே!" என்று கத்திவிட்டேன். அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் குபீரென்று சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அது ஒரு காசு இல்லை, இரண்டு. பெரிய காசின் முதுகில் சின்னக் காசு ஒட்டிக்கொண்டு பச்சை பிடித்துப் போயிருந்தது. இந்தப் பக்கம் சிங்கம். திருப்பினால், தேய்ந்த தமிழ் எழுத்து. அக்கா வெயிலுக்குச் சாய்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். புது என்று ஆரம்பித்தவள், மீதி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பேசுனது தப்புக்கா. ரொம்பத் தப்பு."

"பொழைக்க வந்தவன் காசு உன் காச விட்டு வர மாட்டேங்குது பாரு" என்றாள். பிறகு இளகிக் கிடந்த மண்ணைப் பார்த்தாள். "முன்னாடியே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"மூடினியா?"

"மூடினேன்."

அக்கா எழுந்து போய் என் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தன் முளைப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள். "நாளைக்குக் காலையில வரப்பு கட்டணும். வர்றியா, இல்ல அதையும் மூடிட்டு உக்காந்திருப்பியா?"

விடிந்ததும் போனேன். வீட்டுக்காரரும் வந்தார். மூன்று பேருமாகக் கல்லைப் புரட்டிக் கொண்டுவந்தோம். குழியில் கரி போட்டு, காரை போட்டு, ஒட்டிய இரண்டு காசையும் பிரிக்காமல் அப்படியே வைத்தாள் அக்கா. கல்லை நிமிர்த்தலாம் என்று நான் கை வைத்தபோது தடுத்தாள்.

"அந்தத் தேச்ச காசு எங்க?"

முந்தானை முடிச்சில்தான் இருந்தது. அவிழ்த்துக் காட்டினேன். வெயில் பட்டு இன்னும் மினுங்கியது.

"அதையும் போடு. நாளைக்கு எவளாவது தோண்டிப் பாத்தா, இங்க ஒரு அவசரக்காரி இருந்தான்னு அவளுக்கும் தெரியட்டும்."