கறுப்புக் கட்டம் போட்ட வீடு

அப்பா அந்த வீட்டை முதலில் பார்த்தது ஒரு காலண்டரில். பட்டுக்குச் சாயம் விற்கும் கம்பெனி கொடுத்தது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டங்கள், சில கட்டங்களுக்குள் சிவப்புச் செங்கல், தலைக்கு மேல் செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை, வாசலில் ரோஜா. இங்கிலாந்துக் கிராமமாம். வருஷம் முடிந்ததும் அந்தத் தாளை வெட்டிக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் இருந்த தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலை வாங்கி விற்பது அப்பாவின் தொழில். ஆரணியில் ஒரு மனை வாங்கியிருந்தார். அதில் காலண்டர் வீட்டைத்தான் கட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

அம்மாவுக்கு வேண்டியது ஒரு மொட்டை மாடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓட்டு வீட்டில் குரங்கு ஓடுவதையும் மழை ஒழுகுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவள். மாடியில் துணி காயப்போட வேண்டும், கோடையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். புது வீட்டுக்கும் ஓடு என்றால் இந்த ஜன்மத்தில் அது நடக்காது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்த வழக்கில் சாட்சியாக மாட்டிக்கொண்டேன். நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து ஒப்பித்தேன். முதலில் ஓக் மரத்தில் சட்டம் கட்டி நிறுத்துவார்கள். ஆணி கிடையாது, மரத்துக்குள் மரத்தைச் செருகி மர முளை அடிப்பார்கள். பாரம் முழுக்கச் சட்டத்தின் மேல்தான். இடைவெளியைப் பழைய நாளில் குச்சியும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள், பிறகு செங்கல் வைத்தார்கள். கூரை சரிவாக இருப்பது பனி சறுக்கி விழுவதற்கு.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மரம் நட்டு, நடுவுல மண்ணு அடைச்சு, சுண்ணாம்பு அடிச்சு, மேல ஓடு. அப்பிடித்தானே?”

“ஆமாம்மா.”

“அதுலதானே இப்ப குந்திகினு கீறோம்?”

“இது வேற, இது இங்கிலீஷு” என்றார் அப்பா.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கண்ணுக்கு அது வீடாகவே தெரியவில்லை, கட்டம் போட்ட சேலையாகத் தெரிந்தது. வெள்ளை உடம்பில் கறுப்புக் கட்டம் எவ்வளவு எடுப்பு என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

“கறுப்பு வெள்ளையில முகூர்த்தச் சேலை எத்தினி வித்துகீறீங்க?” என்றாள் அம்மா.

அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் குரங்கு நகர்த்திவிட்ட ஓட்டின் வழியே மழை இறங்கியது. அம்மா வைத்த பாத்திரங்களில் விழவில்லை. அப்பா டெலிவரிக்கு அடுக்கியிருந்த சேலைகளின் மேல் விழுந்தது. மேலே இருந்த மாம்பழக் கலர் சேலையில் அரக்கு பார்டர் சாயம் விட்டிருந்தது. அப்பா அதை விரித்துப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இங்கிலாந்துல கொரங்கு கீதா?”

“இல்லப்பா.”

“அதான். ஜல்தியா காங்கிரீட்டுக்குப் பிளான் போடு.”

அம்மா உள்ளே போய்க் கேசரி கிளறினாள். யாரும் காரணம் கேட்கவில்லை.

ஆனால் முகப்பை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. சிமெண்டில் பட்டை பட்டையாக மேடு எழுப்பி, குறுக்குச் சட்டமும் சாய்வுச் சட்டமும் மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடிக்கவைத்தார். எந்தப் பாரத்தையும் தாங்காத சட்டங்கள். டிப்ளமோ வாங்கிய எனக்கு மானம் போயிற்று. களம்பூரிலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி, “இன்னாங்க, அதுக்குள்ள வெடிப்பு வுட்டுடுச்சா? தார் அடிச்சு வெச்சுகீறீங்க?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

கிரகப்பிரவேசத்தன்று சாயங்காலம் அப்பா எதிர்ச்சாரியில் நின்று முகப்பை ரசித்துக்கொண்டிருந்தார். அம்மா மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் முந்தானை பறந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“எப்பிடி கீது?” என்று கீழேயிருந்து கத்தினார் அப்பா.

“ரொம்ப நல்லா கீதுங்க. இங்கேர்ந்து பாத்தா அந்தக் கறுப்பு ஒண்ணுமே தெரியல.”