மீன் மார்க்கெட்டில் பேரண்ட்ஸ் மீட்டிங்

வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிற ஆள் நான்.

தெரியும்... நம் ஊரில் இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லக் கூடாது. செவ்வாய், வெள்ளி என்றால் புதுக்கோட்டையில் பல வீடுகளில் மீன் சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். ஆனால் அன்றைக்குத்தான் மார்க்கெட்டில் நெரிசல் இருக்காது. மீன் விற்கிற பெண்கள் நிதானமாகப் பேசுவார்கள். மீன் வாங்கப் போகிறேனா, ஊர்க்கதை வாங்கப் போகிறேனா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

போன மாதம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பையைத் தூக்கிக்கொண்டு போனால், கடைகளில் ஆளே இல்லை. ஜெகதாப்பட்டினத்து நண்டு இருக்கிறது, தராசு இருக்கிறது, கத்தி இருக்கிறது. விற்கிறவர்களைக் காணோம்!

எல்லோரும் கடைசி வரிசையில், ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கும்பலாக நின்றார்கள். ஏதாவது தகராறோ? நமக்குத்தான் அந்த மாதிரி நேரத்தில் கால் தானாகவே நடக்குமே... போய் எட்டிப் பார்த்தேன்.

நடுவில் இரண்டு மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒரு கன்னியாஸ்திரி. இன்னொன்றின் மேல், நெற்றியில் குங்குமம், புடவைத் தலைப்பால் இறுக்கிப் பொத்திய மூக்கு என்று ஒரு டீச்சர்.

விசாரித்தால் – பேரண்ட்ஸ் மீட்டிங் நடக்கிறதாம்!

மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. கன்னியர் மடம் நடத்துவது. மீன் வெட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் – இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். பெரும்பாலும் இந்துக் குழந்தைகள், கொஞ்சம் முஸ்லிம் குழந்தைகள். காலை ஜெபம் முடிந்து 'ஆமென்' சொல்லும்போது மட்டும் எந்த வித்தியாசமும் இல்லாமல் தெருவே அதிரும்.

பெட்டி மேல் இருந்தவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா. ஆவூர்க்காரர். குரலுக்கு மைக் தேவையில்லை. பக்கத்தில் மூக்கைப் பொத்தியிருந்தவர் உதவித் தலைமையாசிரியை தனலட்சுமி டீச்சர். கணக்குப் பாடம். சுத்த சைவம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதம் வேறு!

"ஏன் சிஸ்டர், மீட்டிங்கை ஸ்கூல்ல வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வச்சேங்க. பொழப்ப விட்டுட்டு யாரு வருவாங்க? மூணு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தரு கேஸ் சிலிண்டர் எறக்க வந்தவரு."

கூட்டம் சிரித்தது.

"வெள்ளிக்கெழமை இவங்களுக்கு யாவாரம் கம்மி. அதான் நாமளே இங்கிட்டு வந்துட்டோம்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" – தலைப்புக்குள்ளிருந்து டீச்சரின் குரல்.

மீட்டிங் ஜோராக நடந்தது. யாருடைய மகன் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, யாருடைய மகள் நன்றாகப் பாடுகிறாள், யார் மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் முதல் ஆளாக நிற்பது – எல்லாம் இறால் உரிக்கிற கைகளுக்கு நடுவே அலசப்பட்டது. "வீட்டுல போயி தோலை உரிக்கிறேன் சிஸ்டர்" என்று ஒருவர் சொல்ல, "இறாலை மட்டும் உரிங்க, போதும்" என்றார் சிஸ்டர்.

கடைசியாக, கும்பலின் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "பாண்டியம்மா, கார்த்திகா எங்கம்மா?" என்றார்.

பாண்டியம்மாவை எனக்குத் தெரியும். மீன் வெட்டிக் கொடுப்பவர். எனக்கு எப்போதும் வஞ்சிரத்தை மெல்லிசாகப் போட்டுத் தருவார். கணவருக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கிற மகளும், ஒன்றரை வயது மகனும்.

"காச்ச சிஸ்டர்."

"ரெண்டு வாரமாவா?"

"விட்டு விட்டு அடிக்குது சிஸ்டர்..."

அதற்குள் பக்கத்துக் கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தா... காச்ச நடந்து வருது பாருங்க!"

திரும்பினோம். ஒரு கையில் அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு, இடுப்பில் தம்பி. கார்த்திகா வந்துகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவள் மறைந்துவிட்டாள். தம்பி மட்டும் தூணுக்கு வெளியே எட்டிப் பார்த்து எங்களுக்கு டாட்டா காட்டினான்!

எல்லோரும் சிரித்தோம். பாண்டியம்மா சிரிக்கவில்லை.

"வேற நான் என்ன செய்யட்டும் சிஸ்டர்? இவனைப் பாத்துக்கிட்டிருந்த நாத்தனா கல்யாணமாகிப் போயிட்டா. பால்வாடில ரெண்டு வயசு ஆகட்டும்ங்குறாங்க. இந்தக் கத்திக்கிட்ட கொண்டாந்து இவனை ஒக்கார வைக்கவா? நீங்க ஒரு புள்ளையைப் பெத்திருந்தாத் தெரியும்..."

சொன்ன பிறகுதான் பாண்டியம்மாவுக்கே என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிஸ்டருக்கு முகம் லேசாகச் சிவந்தது. நானாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும். அவர் பெட்டியை விட்டு எழுந்து பாண்டியம்மா பக்கத்தில் போய் நின்றார்.

"நெசந்தாம்மா. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கேக்குறேன். என்ன பண்ணுனா ஒம் மக படிப்பா? நீயே சொல்லு, செய்வோம்."

பாண்டியம்மா என்ன சொல்வார்? வழி தெரிந்திருந்தால் எப்போதோ செய்திருப்பாரே!

அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

"டீச்சர்... மைனஸை மைனஸால பெருக்குனா எப்படி டீச்சர் ப்ளஸ்ஸு வரும்?"

தனலட்சுமி டீச்சர் திரும்பினார். "உனக்கு யாரு சொன்னா?"

"எங்க கிளாஸ் சுகன்யா சொன்னா. சாயங்காலம் அவகிட்டத்தான் கேட்டுப் படிச்சுக்குறேன். ஆனா அவளுக்கே அது புரியலையாம்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார். அத்தனை நேரத்தில் முதல் முறை. மீன் வாடையை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்.

"அதையெல்லாம் இங்க நின்னுக்கிட்டு சொல்லித்தர முடியாது. திங்கக்கிழமை கிளாசுக்கு வா."

"இவன் டீச்சர்?"

"அவனையும் தூக்கிட்டு வா."

சிஸ்டர் பிலோமினா டீச்சரை ஆச்சரியமாகப் பார்த்தார். "டீச்சர், நெசமாவா?" என்றார். "முதல்ல இங்கேருந்து கெளம்புவோம் சிஸ்டர்" என்று டீச்சர் மறுபடி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நான் மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி ரசம்.

திங்கட்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பத்திரிகைக்காரி என்கிற உரிமையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஏழாம் வகுப்பு ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கார்த்திகா முதல் பெஞ்சில். கீழே விரித்த பாயில் தம்பி முகிலன், பிஸ்கட்டும் கையுமாக.

"கார்த்திகா, எழுந்திரு. இனிமே ஸ்கூலுக்கு வராம இருப்பியா?"

"இருக்க மாட்டேன் டீச்சர்."

"வராம இருக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

"வருவேன்னு அர்த்தம்."

"அவ்வளவுதான். ரெண்டு 'இல்லை' சேர்ந்தா ஒரு 'ஆமா'. மைனஸ் இன்ட்டு மைனஸ், ப்ளஸ். புரியுதா?"

வகுப்பே "ஓ..." என்றது. உண்மையைச் சொல்கிறேன், நானும் 'ஓ' என்றேன். என் காலத்தில் இதை இப்படி யாராவது சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு பேங்க் மேனேஜர்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். முகிலன் என்று ஒருவன் இருக்கிறானே!

பிஸ்கட் தீர்ந்தது. சாக்பீஸைத் தின்றான். டஸ்டரால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கார்த்திகா போர்டைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்கு வந்தும் வீட்டில் இருக்கிற மாதிரிதான்.

டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். குனிந்து முகிலனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கணக்கை நடத்தினார். கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தால் மொத்த வகுப்பும் நடுங்குகிற டீச்சர்! அந்தக் கண்ணாடியை அவன் கழற்றினான். அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

இதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. புதன்கிழமைக்குள் மற்ற வகுப்புகளிலும் அக்காக்கள் தம்பி, தங்கைகளோடு வந்து நின்றார்கள். சிஸ்டர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. "ஒருத்திக்கு ஒரு நியாயம், இன்னொருத்திக்கு ஒரு நியாயமா?" என்றார். ஒரு வகுப்பில் வாய்ப்பாடு, அடுத்த வகுப்பில் தாலாட்டு.

தனலட்சுமி டீச்சர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். என்ன ஆனது என்று பார்க்க மறுபடி போயிருந்த நானும் அங்கேதான் இருந்தேன்.

"சிஸ்டர், வரச் சொன்னது நான்தான். ஒத்துக்கிறேன். ஆனா இப்படியே போனா இந்தப் பிள்ளைங்களும் படிக்காது, மத்த பிள்ளைங்களும் படிக்காது. ஒண்ணு நான் கணக்கு நடத்தணும், இல்லேன்னா குழந்தை தூக்கணும். ரெண்டும் முடியாது."

"அனுப்பிடலாம்ங்குறீங்களா டீச்சர்?"

டீச்சர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். "அனுப்பினா கார்த்திகா மறுபடி வரமாட்டா சிஸ்டர்" என்றார் மெல்ல. "தனியா ஒரு ரூம் வேணும்."

பள்ளியில் ரூம் ஏது? பக்கத்து மாதா கோயிலை ஒட்டி ஒரு ரூம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைபிள் சொல்லித்தருகிற மறைக்கல்வி வகுப்பு நடக்கும், மற்ற நாளில் பூட்டுத்தான். சிஸ்டர் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் தயங்கியிருக்கிறார். மாதா, புனிதர்கள் சிலைகள் – சுரூபங்கள் – இருக்கின்றன, மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் இருக்கிறது, சின்னக் குழந்தைகள் அசுத்தம் செய்துவிடுமே என்று.

"பாதர், மாட்டுக்கொட்டாயில கொழந்தை பொறந்ததைத்தானே வருசா வருசம் குடில் கட்டிக் கொண்டாடுறோம்? அந்தக் கொழந்தை மட்டும் அசுத்தம் பண்ணாமலா இருந்திருக்கும்?"

பாதர் ஒரு நிமிடம் சிஸ்டரைப் பார்த்தாராம். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். மெழுகுவர்த்தி ஸ்டாண்டை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரூம் கிடைத்தது. பார்த்துக்கொள்வது யார்?

அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடியும் மீன் மார்க்கெட்டில் மீட்டிங். இந்த முறை தனலட்சுமி டீச்சர்தான் முதலில் பேசினார். மூக்கைப் பொத்தவில்லை – பேச வேண்டுமே! விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாண்டியம்மா, "திங்கக்கெழமை நான் பாத்துக்குறேன் டீச்சர்" என்றார். இறால் விற்கிறவர் செவ்வாயை எடுத்துக்கொண்டார். "வெள்ளி எனக்கு" என்று இன்னொருவர். பூக்கட்டுகிற ஒருவர், "அங்கிட்டு ஒக்காந்து பூக்கட்டிக்கிட்டே பாத்துக்குறேன், வியாழன் எனக்குப் போடுங்க" என்றார். ஒரு நாள் வேலையை விட்டால் மற்ற நாளெல்லாம் நிம்மதி என்கிற கணக்கு அவர்களுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அங்கே நின்றுகொண்டு நான் ஒன்றை யோசித்தேன். 'இந்தப் பெற்றோர்களுக்கு அக்கறையே இல்லை' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன். அக்கறை எல்லாம் இருக்கிறது சார்... அது கையில் கத்தியோடு மீன் வெட்டிக்கொண்டிருக்கிறது. நாம் கூப்பிட்ட இடத்துக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு அதனால் வர முடியவில்லை. இரண்டு பேர் கிளம்பி அது இருக்கிற இடத்துக்குப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது ரூமில் பாய் விரித்து, பழைய சேலையில் தூளி கட்டி, எல்லாம் ஜோர். கார்த்திகா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. முந்தாநாள் பார்த்தபோது, "படிப்பெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்டேன்.

"நல்லாப் போவுது ஆன்ட்டி. சனி, ஞாயிறுதான் புடிக்கவே இல்ல."

"ஏன்டி?"

"ரெண்டு நாளும் இவனை நான்ல பாத்துக்கணும்!"

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைய மீட்டிங்கில் புதன்கிழமைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டர் பிலோமினா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேப்பர்லதானே எழுதுறீங்க? அதை எங்க ஒக்காந்து எழுதுனா என்ன?"

இன்றைக்குப் புதன்கிழமை. இந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குக் கடிதம் போடாதீர்கள்... லேப்டாப்பில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்!