ஏழு, ஒன்பது, பதினொன்று

“பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்பவர்களை எனக்கு ஆகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு பள்ளியின் இசை அறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அந்த ஒரே கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. இயந்திரம் கால் மணி நேரமாக ஒலித்துக்கொண்டிருக்கும். வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்து, ஒரு கொட்டாவியை விழுங்கிவிட்டு ரொம்ப நாகரிகமாக அதைக் கேட்பார். எங்கள் பிரின்சிபால் ஒரு படி மேலே போய், குழாய் சொட்டுகிறதே, பிளம்பரைக் கூப்பிடலாமா என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பிழைப்புக்காகச் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இயந்திரம் என்று நான் சொல்வது ஒரு சிந்தசைசர். ஒரு வெளிநாட்டு வாத்தியார் எழுபதுகளில் கப்பலில் கொண்டுவந்து, திரும்பும்போது கொண்டுபோக முடியாமல் விட்டுச் சென்றது. பியானோ போல அழுத்துவதற்குக் கட்டைகள் கிடையாது. பீரோ அகலத்துக்கு ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாகத் தகடுகள். ஒரு தகடு ஒலியை உண்டாக்கும், ஒன்று அதை மழுக்கும், இன்னொன்று மெல்ல எழுப்பி மெல்ல அடக்கும். எதை எதோடு சேர்ப்பது என்று ஒயரைச் செருகி நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளியில் அதற்கு இருந்த ஒரே உபயோகம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடி முழக்கம். மற்ற நாளெல்லாம் கர்ட்டன் துணியால் மூடி மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள். சாடியிலிருந்து தண்ணீர் வடிந்து மரம் ஊறிப்போயிருந்தது. அந்த ஊரில் எல்லாமே ஊறும், எல்லாமே பூஞ்சை பிடிக்கும். அறைக்குள் நுழைந்தாலே நனைந்த கம்பளி நாற்றம்.

குளிர்கால விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு, அந்த வெளிநாட்டு வாத்தியார் விட்டுப்போன கையேட்டை அகராதி வைத்துப் படித்து நானே பழகினேன். முதல் வருடம் செய்ததெல்லாம் குப்பை. குருவி மாதிரி, மணியோசை மாதிரி, புல்லாங்குழல் மாதிரி என்று அதை வேஷம் போடவைத்தேன். இரண்டாம் வருடம்தான் புத்தி வந்தது. பெட்டியில் சீக்வென்சர் என்று மூன்று வரிசை இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் சிறு குமிழ்கள். ஒரு குமிழுக்கு ஒரு சுரம். சிவப்பு விளக்கு அடிக்கு ஒரு குமிழாக நகர்ந்து, கடைசிக்குப் போனதும் முதலுக்குத் திரும்பும். எந்தக் குமிழோடு திரும்ப வேண்டும் என்பது நம் விருப்பம். முதல் வரிசையை ஏழில் திருப்பினேன், இரண்டாவதை ஒன்பதில், மூன்றாவதைப் பதினொன்றில். மூன்றும் ஒன்றாகக் கிளம்பும். அடுத்த சுற்றிலேயே பிரிந்துவிடும். பிறகு இரண்டு நெருங்கும், மூன்றாவது விலகும். மறுபடி மூன்றும் முதல் குமிழில் ஒன்றாக வந்து நிற்க அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று அடி ஆக வேண்டும். நான் வைத்த வேகத்தில் அரை மணிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் எதுவும் நடக்காது. யாரையும் கையைப் பிடித்து இழுக்காது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஓட்டல்களில் ஹீட்டர் போட ஆரம்பித்தால் கரண்ட் தடுமாறும், சுரமும் கூடவே வழுக்கும். அதனால் வெள்ளனே ஆறு மணிக்கே போய்விடுவேன். அந்த நேரத்தில் வராந்தாவைப் பெருக்க ஓர் அக்கா வருவார். இரு நாட்டு ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். ஐம்பது வயது இருக்கும். சில நாள் கழித்துத்தான் கவனித்தேன், துடைப்பச் சத்தம் என் கதவுக்கு வெளியே வந்ததும் நின்றுவிடுகிறது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்றே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஒரு மாதம். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் அவரே கேட்டார். “மூணு பேரு நடக்குறாங்களாம்மா இதுல?”

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

“எங்க தோட்டத்துல மூணு மலையில கொழுந்து எடுப்போம். கிட்ட மலை, எட்ட மலை, நடு மலை. கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வரமாட்டாங்க. நானும் என் தங்கச்சிக ரெண்டு பேரும் ஆளுக்கொரு மலை. என்னைக்காச்சும்தான் மூணு பேரும் சேந்து வந்து நிப்போம். அன்னைக்குப் பேசித் தீராது.” துடைப்பத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “எனக்கு இந்தியாவுக்குச் சீட்டு குடுத்தாங்க. நடுவுலவளை அங்கயே இருன்னுட்டாங்க. சின்னவ புருசன் வழியில நீலகிரிப் பக்கம் போயிட்டா. இது எப்பம்மா சேரும்?”

அரை மணி ஆகும் என்றேன். அவருக்கோ ஏழு மணிக்கு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கப் போயாக வேண்டும். தினமும் பாதியிலேயே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள், மகன் பெரும்பாறையில் காப்பித் தோட்டத்து வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான், சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் போகிறேன் என்றார். “போறதுக்குள்ள ஒருக்கா அது சேர்றதைக் கேட்டுட்டுப் போயிரணும்மா. அன்னைக்கு எனக்குச் சோலி இல்ல.” வாருங்கள், முழுக்கப் போடுகிறேன், நாற்காலியில் உட்கார்ந்தே கேட்கலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் இருந்தது, விடாமல் உறுமும். அவர் கேட்கும்போது அது இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. புதன்கிழமை புகார் நோட்டில் எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்தார். பம்பும் ஃபியூஸும் பார்க்கிற மனிதர். ரொம்ப நல்லவர், அதுதான் என்னால் தாங்க முடியாதது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வேலை பார்த்திருக்கிறார். மாலையில் நான் போனபோது முகமெல்லாம் சிரிப்பு.

“இரைச்சலு எர்த் சரியில்லாததுனால மேடம், வெரசா முடிஞ்சிருச்சு. பெரிய கோளாறு வேறல்ல கெடந்துச்சு! மூணு லைட்டும் ஒண்ணோடொண்ணு சேராம அதுபாட்டுக்கு ஓடுது. பின்னாடி கம்பி இழுத்து மூணையும் சேத்துப் பத்த வச்சுட்டேன். இப்பப் பாருங்க.”

பார்த்தேன். முதல் வரிசை ஏழில் திரும்பும்போது மற்ற இரண்டும் கூடவே திரும்பின. ஒன்பதின் கடைசி இரண்டு சுரமும் பதினொன்றின் கடைசி நான்கும் ஒலிக்கவே இல்லை. ஏழு அடிக்கு ஒருமுறை டண் டண் டண் என்று ஒரே விழுகை. பேண்டு வாத்தியக்காரன் தெருவில் போவது போல. சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பிரின்சிபால், “இப்பத்தான் மியூசிக் மாதிரி இருக்கு. விசிட்டர்ஸ் டீக்கு இதையே போடலாம்” என்றார். நான் தேங்க் யூ சார் என்றேன். எலெக்ட்ரீஷியனுக்கும் தேங்க்ஸ் சொன்னேன்.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது, விடிந்தால் அக்கா கேட்க வருவார். எலெக்ட்ரீஷியன் வீடு பம்ப் ரூமுக்குப் பக்கத்தில்தான், ஐந்து நிமிட நடை. போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கோளாறு இல்லை, அப்படித்தான் ஓட வேண்டும், அதுதான் என் இசை என்றா? அவர் சிரிப்பாரோ என்று எனக்குப் பயம். பிரின்சிபாலின் கேலியைச் சகித்துக்கொண்ட நான், ஸ்க்ரூடிரைவர் பிடித்த ஒருவர் முன்னால் இது இசை என்று சொல்ல வெட்கப்பட்டேன். பின்பக்கத்தைத் திறக்க எனக்குத் தெரியாது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி, மூட்டையை வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இயந்திரத்தைப் போட்டேன்.

“வேற மாதிரி கேக்குதேம்மா?”

“ரிப்பேர் பண்ணியிருக்காங்கக்கா. அதான் தெளிவாக் கேக்குது.”

“கடைசியில சேருமில்ல?”

“சேரும்.”

அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு அடியாகக் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்தேன்.

“சேந்துட்டாங்களாம்மா?” என்று கேட்டார்.

“சேந்துட்டாங்கக்கா.”

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். “எனக்குத்தான் புடிபடல. வயசாச்சுல்ல, காது மந்தமாயிருச்சு” என்றார். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மூட்டையை அவர் தலையில் தூக்கிவிட்டேன். பெரும்பாறையில் எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அடடா, அப்படித்தான் ஓடணுமா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே மேடம்” என்று பின்பலகையைக் கழற்றி, மூன்று இடத்தில் கம்பியை வெட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.