பெரட்டில் நின்ற உயிரணு

மலேசிய மலையூரான தானா ராத்தாவிலிருந்து தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, நம்ம அஞ்சலை டாக்டர் போயிட்டாங்க" என்றான். அங்குள்ள தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு அவள் கடைசிவரை டாக்டர்தான். கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள் நான். அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் அவள் முனைவர் பட்டம் வாங்கியதும், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை போடக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். வாசலில் நீண்ட வரிசை. முழங்கால் வலி, இருமல், சொறி என்று ஆளுக்கொரு நோயோடு நின்றார்கள். டாக்டர் என்றால் வைத்தியம்தானே! அஞ்சலையின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவர் அவர். ஊசி போடக்கூடத் தெரியாதாம் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேசுவார்களே என்ற பயம்.

அஞ்சலையா அசருவாள்? "வரிசையைக் கலைக்காதீங்க. இதைப் பெரட்டுன்னு வச்சுக்குங்க" என்றாள். காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு அங்கே யாருக்குத் தெரியாது?

"பெருமாள் மாமா, நீங்கதான் கங்காணி. லயத்துல படுத்துக்கிடக்கிறவன் பேரைக் கூப்பிட்டா வேலை நடக்குமா?"

"எப்படி நடக்கும்?"

"களத்துல நிக்கிறான், யாரும் கூப்பிடல. அப்போ?"

"சும்மா நிப்பான்."

"ரெண்டும் சேரணும்லா. உடம்புல நிறைய உயிரணுவும் அப்படித்தான். அதுக்குக் காலும் இருக்கு, காதும் இருக்கு. கால் ஒரு இடத்தைப் பிடிச்சிருக்கணும், வளருன்னு சொல்றது காதுல விழணும். ரெண்டும் சேர்ந்து உள்ளே சேதி அனுப்பினாத்தான் அது வளரும். அந்தச் சேதி எப்படிப் போகுதுன்னுதான் நான் பார்க்கிறேன்."

கங்காணி விடவில்லை. "பெரட்டுக்கே வராம, கூப்பிடாமலே ஒருத்தன் காட்டுல பூந்து வேலையை ஆரம்பிச்சுட்டா?"

"அதுதான் புத்துநோய், மாமா."

கங்காணியின் மனைவி அந்த நோயில்தான் போயிருந்தார். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளா யாருமே எனக்கு இதைச் சொல்லல, தாயி" என்றார்.

அஞ்சலையின் அம்மா எழுந்தார். "ஊசி போட டவுன்ல ஆள் இருக்கு. எம் மவ படிச்சது வேற" என்று தன் கையாலேயே மாலையைப் போட்டார். எனக்கு அப்போது வந்த பெருமை இன்னும் தீரவில்லை. மறுநாள் அஞ்சலை தோட்டத்து லோரியில் எல்லோரையும் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அடக்கத்தன்று அஞ்சலை வீட்டு வாசலில் அவளைக் கடைசியாகப் பார்க்க மறுபடியும் வரிசை. "டாக்டரம்மா எந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தாங்க?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கங்காணியின் மகன் சொன்னான்: "அணுவுக்குக் காலும் இருக்கு, காதும் இருக்குன்னு எங்கப்பாவுக்குச் சொன்னவங்க."

அவள் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான்.