கீரைமேல் போட்ட பழி

“…முருங்கக்கீர தின்னாதேன்னு எத்தன மட்டம் சொன்னேன்! இவ கேக்கணுமே!”

நெய்யாற்றின்கரை ஸ்கேன் சென்டரில் என் பக்கத்தில் இருந்தவர் வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர். விரலெல்லாம் பால்கறை. மனைவிக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டதாம், மாதக்கணக்கில் மருந்து தின்றும் கரையவில்லையாம். அந்த மருந்துக்குக் கீரை ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் தின்றுவிட்டாள் என்று, பக்கத்தில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் முறையிட்டார். அந்த ஏச்சிலும் ஒரு பிரியம் இருக்கத்தான் செய்தது.

“ஒரே ஒரு நாள் தின்னதாக்கும் அண்ணே. இந்த மனுசன் பஸ்ஸுலயும் சொல்லியாச்சு,” என்று சிரித்துக்கொண்டே அவள் ஸ்கேனுக்குப் போனாள்.

பிறகு டாக்டர் அவரை அழைத்தார். “தனியாப் போகப் பயமாட்டு இருக்கு, நீங்களும் வாருங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உறைஞ்ச ரத்தம்னா நாங்க ஏத்துன சாய மருந்தை எடுக்காது. இது எடுத்திருக்கு. குழாய்க்குள்ளேயே வளர்ந்த புற்றுக்கட்டி மாதிரி தெரியுது. ரொம்ப அபூர்வமா வாறது, நல்லா பரவியும் இருக்கு,” என்றார் டாக்டர்.

“அப்போ கீரை?”

“கீரைக்கு இதில ஒரு பங்கும் இல்ல.”

வெளியே அவள் காத்திருந்தாள். “என்ன, டாக்டருகிட்டயும் கீரைக் கதை சொல்லியாச்சா?”

அவர் ஸ்கேன் அறை வாசலில் கிடந்த அவள் செருப்பை எடுத்து வந்து, அத்தனை பேர் பார்க்கத் தரையில் குந்தி, அவள் காலில் மாட்டிவிட்டார்.