மேட்டுத் தோட்டம், கீழ்த் தோட்டம்

அஜ்மானில் நாங்கள் இருந்த ஃபிளாட்டுக்கு இரண்டு ஒயின் பாட்டில்கள் வந்து சேர்ந்தபோது, அம்மா அவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, பூஜைக்கு வைத்திருந்த பாலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி ஃப்ரிட்ஜில் வைத்தாள். கொண்டுவந்தவர் சித்தப்பா. துபாய் ஹோட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறுவது அவருக்கு வேலை. எங்கள் வாடகையில் பாதி அவர் கொடுத்தது. மீதிப் பாதிக்கே அப்பாவின் வேன் டிரைவர் சம்பளத்துக்கு மூச்சு வாங்கும்.

சித்தப்பா குடிக்க மாட்டார். வாயில் வைத்துச் சுழற்றி, எவர்சில்வர் தம்ளரில் துப்பிவிடுவார். துப்புவதற்கு ஒரு பரீட்சை உண்டு என்பதே எனக்குக் குழப்பம். அதில் தேறினால் இத்தாலிக்கு, இந்த ஒயின் உண்டாகிற மலைக்கே வேலைக்கு அனுப்புவார்களாம். போனில் படம் காட்டினார். சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி, நடுவில் பல தலைமுறை பார்த்த கல் வீடு. அங்கே வருகிறவர்களுக்கு அவர்தான் ருசி காட்ட வேண்டும். ஒரு பாட்டில் மேட்டுத் தோட்டத்தினுடையது, மற்றது கீழ்த் தோட்டத்தினுடையது. ஒரே ஜாதித் திராட்சை, ஒரே வருஷம். ஆனால் ஒன்றை மற்றதோடு சேர்க்கவே மாட்டார்களாம்.

"சேர்த்தா என்ன, சண்டை போட்டுக்குமா?" என்றாள் அம்மா.

"மண்ணோட ருசி போயிடும் அண்ணி. மேட்டுது கல்லை நக்கின மாதிரி இருக்கும். கீழது நாவப்பழம்."

"கல்லை நக்க இத்தாலிக்குப் போகணுமா? நம்மூர்ல இல்லாத கல்லா!"

அன்று சித்தப்பா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டார். நான் மாற்றி மாற்றி ஊற்றிக் கொடுத்தேன். ஒருமுறைகூட அவர் சொன்னது தவறவில்லை.

மறுநாள் மத்தியானம், அம்மா இட்லிக்கு அரைத்து வைத்த மாவு பொங்கியிருந்தது. மாவுப் பாத்திரம் வைக்க ஃப்ரிட்ஜில் இடமில்லை. இரண்டு பாட்டிலிலும் பாதிக்குக் கீழேதான் இருந்தது. ஒட்டியிருந்த படமும் ஒன்றுதான். நல்லெண்ணெய் இரண்டு பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சினால் என்ன செய்வாளோ, அதையே அவள் கை செய்தது. சித்தப்பா சொன்னது ஞாபகம் வந்தபோது ஒரு பாட்டில் காலியாகி, கழுவிக் கவிழ்த்தும் ஆகியிருந்தது. அவசரமாகப் புனலைத் தேடி எடுத்து, மறுபடி இரண்டிலும் சமமாகப் பிரித்து ஊற்றினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த சித்தப்பா துண்டைக் கட்டிக்கொண்டார். விடிந்தால் பரீட்சை. முதல் கிளாஸ், இரண்டாவது, மறுபடி முதலாவது. வாய் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு முறை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது." துண்டை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். "நாக்கு செத்துப்போச்சு அண்ணி. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு நான் போகல."

சரியாகத்தானே சொன்னார், பிறகு எதற்கு அழுகை? நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கல்லில் தோசை ஓரம் கறுத்து, புகைந்து, வீடெல்லாம் நாறியது. கையில் தோசைத்திருப்பி இருந்தும் அவள் அதைத் திருப்பவில்லை.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தே சொன்னாள்: "தம்பி, உன் நாக்குக்கு ஒண்ணும் ஆகல. மத்தியானம் நான்தான் ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டேன்."

மறைத்ததற்கு எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். "பாப்பா, கண்டுபிடிச்சுட்டேன்டி! கலந்ததைக்கூடக் கண்டுபிடிச்சுட்டேன்!" பொருளை இழந்தவர் சிரித்தார். திட்டு வாங்காமல் தப்பிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தப்பா தேறினார், போனார். அவர் கொடுத்த பாதி வாடகை நின்றுபோக, கொஞ்ச நாளில் ஃபிளாட்டைக் காலி செய்தோம். அப்பா கம்பெனி ரூமுக்குப் போனார், நானும் அம்மாவும் ஊருக்கு விமானம் ஏறினோம். என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு திருப்பூர், சலாலா, இப்போது மறுபடி ஷார்ஜா என்று எத்தனையோ ரூம் மாறிவிட்டேன். எந்த ரூமிலும் ஒரு பெட்டிக்கு மேல் சாமான் சேர்த்ததில்லை.

அன்று இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தோசை தீய்ந்ததற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து, "எனக்குக் கருகினதுதான் பிடிக்கும்மா" என்று தட்டை நீட்டினேன்.